நக்கித் துடைத்த தொட்டிகள்

வெயிலில் எங்கள் பண்ணையில் ஒரு மாடுகூடச் சாகவில்லை. எட்டு நாள் விடாமல் நாற்பத்து மூன்று டிகிரி கொளுத்தியது, ஒன்றுகூட விழவில்லை. செத்ததெல்லாம் குளிர்ந்த காற்று வந்த பிறகுதான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கண்ணால் பார்த்த நானே இன்னும் நம்ப முடியாமல்தான் திரிகிறேன்.

வெர்னா கிளாசனைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பதினான்காம் பட்டியில்தான் வந்து நிற்பேன்.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸில் கறுப்பு மண் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் எங்கள் பண்ணை. நாற்பது பட்டிகள், ஏழாயிரம் மாடுகள். எல்லாம் கறிக்காகத் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பவை. வெர்னா அங்கே இருபத்து மூன்று வருடமாகத் தொட்டி பார்ப்பவள். பொழுது புலரும்போது தன் வெள்ளை வண்டியில் ஒவ்வொரு பட்டியாக ஊர்ந்து போவாள். பட்டியின் முன்னால் நீளமாக ஓடும் சிமெண்டுத் தொட்டியில் நேற்றுப் போட்ட தீவனம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பாள். உடனே வாக்கி டாக்கி ரேடியோவில் ஓர் எண் சொல்வாள். இன்றைக்கு அந்தப் பட்டிக்கு அவ்வளவுதான் தீவனம். மிச்சம் கிடந்தால் குறைப்பாள், நக்கித் துடைத்திருந்தால் ஏற்றுவாள். அவள் சொன்ன எண்ணை மேலாளர் பிரெண்டன்கூட மாற்றமாட்டான்.

என் பெயர் ரோலி. நான் குதிரையில் பட்டிகளுக்குள் போய் மாடுகளைப் பார்ப்பவன். நொண்டுவது, இருமுவது, ஒதுங்கி நிற்பது எல்லாம் என் கண்ணில் படவேண்டும். வெர்னா தொட்டிப் பக்கம் நின்று மாட்டின் முகத்தைப் பார்ப்பாள். நான் போனதுமே மாடுகள் திரும்பிக்கொள்ளும், எனக்குக் கிடைப்பதெல்லாம் வாலும் சாணியும். அதை வைத்து அவள் பதினைந்து வருடமாக என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

"முன்பக்கம் என்னோடது, பின்பக்கம் உன்னோடது. அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க பார்த்தா போதும், கண்ணு."

இதை அவள் ரேடியோவில்தான் சொல்வாள், பண்ணை முழுக்கக் கேட்கும்படி. லாரி ஓட்டுகிறவர்களும் தீவன ஆலையில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

அவள் பால் மாடு வளர்த்த ஜெர்மன் வம்சத்துக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள். பதினெட்டு வயதில் கீத் என்று ஒருத்தனைக் கட்டினாள். அவன் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கப் போன இடத்தில் வேறொருத்தியோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். "போறப்போ சாப்பிட்டுட்டுத்தான் போனான், அந்த வரைக்கும் நிம்மதி," என்பாள். அவள் குணமே அதுதான். எதிரே நிற்கிறவனுக்கு வயிறு காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வண்டியின் முன் இருக்கையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். பூசணிக்காய் பன், பழக் கேக், ஏதாவது. வேண்டாம் என்றால் முகம் தொங்கிப் போகும். வீட்டில் மார்மலேட் என்று ஒரு கிழட்டு ஜெர்சிப் பசு. மர நிழலில் படுத்துப் புல்லை மென்றுகொண்டு, எங்கள் எல்லோருடைய தேநீருக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு அந்த எட்டு நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம். இரவில்கூட இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மாடுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப் போட்டு நின்றன. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக மண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றும் படுக்கவில்லை, அசைபோடவில்லை. வெயில் காலத்துக்கென்று வைக்கோலைக் கூட்டி பார்லியைக் குறைத்த தீவனம் போட்டோம், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கே திரும்பின. காலையில் தொட்டிகள் போட்டபடி நிறைந்து கிடந்தன. புளித்த தீவனத்தை மண்வாரியால் அள்ளி வெளியே கொட்டினோம். வெர்னா தினமும் எண்ணைக் குறைத்துக்கொண்டே போனாள். ஆறாம் நாள் அவள் குரலே உள்ளே போய்விட்டது.

"பட்டினி கிடக்குதுங்க ரோலி. என் கண்ணு முன்னாடி பட்டினி கிடக்குதுங்க," என்றாள்.

"மழை வந்தா தின்னும், விடு."

"வந்தா. வந்தாத்தானே."

எட்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குத் தெற்குக் காற்று வந்தது. கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன. அரை மணி நேரத்தில் பதினெட்டு டிகிரி இறங்கியது, பின்னாலேயே மழையும் கொட்டியது. நாங்கள் ஆலைக் கொட்டகையில் சாசேஜ் சுட்டு, பீர் திறந்து, பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி கூத்தடித்தோம். எங்களைச் சுற்றியிருந்த எல்லாப் பண்ணையிலும் மாடு விழுந்திருந்தது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. பிரெண்டன் வெர்னாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "இடுப்பு போயிடும்டா பாவி, இறக்குடா," என்று அவள் அலறினாள். அவ்வளவு சிரித்து நான் அவளைப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் தொட்டிகள் பளபளவென்று இருந்தன. நாக்கால் நக்கி நக்கி, சிமெண்டு தெரிய வழித்திருந்தன. தொட்டிக் கம்பிக்கு மேல் தலையை நீட்டி மாடுகள் கத்தின. ரேடியோவில் வெர்னாவின் குரல் பழையபடி கணீரென்று வந்தது.

"பதினாலாம் பட்டி, வெயிலுக்கு முன்னாடி போட்ட அதே தீவனம். முழுசா. பதினஞ்சு, முழுசா..."

ஆலையிலிருந்து ஒருவன் கேட்டான். "வெர்னா, வெயில் விட்ட பிறகு நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்னு சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கே?"

"அந்தத் தாளுக்குப் பசிக்குமா? எட்டு நாள் பட்டினி கிடந்தது அந்தத் தாளா, மாடா? போடுடா."

அவன் சிரித்துக்கொண்டே போட்டான். நானும் குதிரை மேலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பசித்தவனுக்குச் சோறு போடுவதில் என்ன தப்பு இருக்க முடியும்?

பத்து மணிக்குப் பதினான்காம் பட்டிக்குள் போனேன். பண்ணையிலேயே அதிகக் காலம் தானியம் தின்ற கறுப்பு மாடுகள் அவை, நூற்று எண்பது. தரையில் சாணி சாம்பல் நிறமாகத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அதன் மேல் நுரை, நுரைக்குள் குமிழி. முழு பார்லி அப்படியே உள்ளே போனபடி வெளியே வந்திருந்தது. புளித்த நாற்றம் குதிரைக்கே பிடிக்கவில்லை, காதை மடக்கிக்கொண்டது. ரேடியோவை எடுத்தேன்.

"வெர்னா, பதினாலுல சாணி சரியில்ல. நுரைக்குது."

"நான் முன்பக்கம் பார்க்குறவடா கண்ணு. முன்பக்கம் ஒரே சந்தோஷமா இருக்கு. பின்பக்கத்தை நீயே வெச்சுக்கோ."

எல்லா லாரியிலிருந்தும் சிரிப்பு வந்தது. ஒருவன், "ரோலிக்கு மூக்கு ரொம்ப நீளம்!" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போ, உன் இஷ்டம் என்று ரேடியோவை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த பட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலத் தீவனம் ஏற்றிக்கொண்டு லாரி என்னைத் தாண்டித்தான் பதினாலுக்குப் போனது. கையை நீட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு தடவைதான் சொன்னேன், இரண்டாவது தடவை வாயைத் திறக்கவில்லை. என் வீம்பு.

மறுநாள் காலை ரேடியோவில் பதிமூன்று வரை எண் வந்தது. அப்புறம் சத்தம் இல்லை. ஆலையிலிருந்து, "வெர்னா, பதினாலு?" என்றார்கள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் அவள் குரல் வந்தது. எண் இல்லை.

"ரோலி. இங்க வா."

குளுகுளுவென்று காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பதினோரு மாடுகள் செத்துக் கிடந்தன, வயிறு உப்பி, கால் விறைத்து. நான் குதிரையிலிருந்து இறங்காமலே எண்ணினேன். உயிரோடிருந்தவற்றில் பாதி தலையை வயிற்றுப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தன. தொட்டியில் நேற்றைய தீவனம் குவியலாக அப்படியே கிடந்தது. வெர்னா வண்டிக்கு வெளியே நின்று அந்தக் குவியலில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் போயிடுச்சேடா," என்றாள். "வெயில்தான் போயிடுச்சே?"

மாட்டு டாக்டர் இமோஜன் ஏழு மணிக்கு வந்தாள். முப்பது வயதுப் பெண், கையில் கத்தி பிடித்தால் பேசமாட்டாள். ஒரு மாட்டைத் திறந்தாள். முதல் வயிற்றைக் கீறியதும் பால் கலந்த கஞ்சி மாதிரி ஒன்று பொங்கி வழிந்தது. புளித்த நெடி மூக்கில் ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இமோஜன் வயிற்றின் உள்சுவரைக் கட்டைவிரலால் தள்ளினாள். ஈரக் காகிதம் மாதிரி உரிந்து கையோடு வந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளோடு வாழ்கிறவன் நான், இப்படி ஒரு வயிற்றைப் பார்த்ததில்லை.

"இது வெயில்லயே ஆரம்பிச்சிருக்கு," என்றாள் இமோஜன். "மாடு தானாத் தின்னு செரிக்கிறதில்ல. உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடியா இருக்கு, அதுங்கதான் செரிச்சுக் குடுக்குது. வெயில்ல ரத்தமெல்லாம் தோலுக்கு ஓடிடும், வயித்துக்கு வராது. தீனியும் இல்ல. நாரைத் தின்னுற உசுருங்க பாதி செத்துப் போச்சு. புளிப்பை அடக்குற உப்பு எச்சில்ல இருக்கு, அந்த எச்சிலை எட்டு நாளா மண்ணுல ஊத்திடுச்சுங்க. அசைபோட்டாத்தானே புது எச்சில் உள்ள போகும்? அதுவும் இல்ல. வயிறு காலி வீடு மாதிரி கிடந்திருக்கு. அதுல ஒரே நாள்ல பார்லியைக் கொட்டினா, புளிக்க வைக்கிற கூட்டம் மட்டும் குபுகுபுன்னு பெருகிடும். மத்ததெல்லாம் சாகும். அப்புறம் வயிறே வெந்து போயிடும்."

நான் அந்த எச்சில் கயிறுகளை நினைத்தேன். எட்டு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்! வெயில் வெளியே இருக்கிறது என்று நினைத்து வெளியே தண்ணீர் தெளித்தோம். உள்ளே என்ன செத்துக்கொண்டிருந்தது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

வெர்னா கேட்டாள். "அப்போ வெயில் கொன்னுச்சா, நான் கொன்னேனா?"

இமோஜன் பொய் சொல்லத் தெரியாதவள். "பாதி வெயில். மீதி பார்லி," என்றாள்.

வெர்னாவின் முகம் செத்துப் போயிற்று. பிரெண்டன் பதறிப் போய் அவள் தோளைப் பிடித்தான். "வெயில்னே எழுதிடலாம் வெர்னா. எல்லாப் பண்ணையிலயும் வெயில்ல செத்திருக்கு. யார் கேட்கப் போறாங்க?"

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "மத்த பட்டிங்க?" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இன்னும் முப்பத்தொன்பது பட்டிகள் இருந்தன, ஆறாயிரத்து எண்ணூறு மாடுகளுக்கு மேல். நேற்று அவற்றுக்கும் அதே தீவனம்தான். முழுத் தீவனம் ஏற்றிய லாரிகள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வரிசையில் நின்றன. பதினாலைத் தவிர முக்கால்வாசித் தொட்டிகள் இன்றைக்கும் நக்கித் துடைத்துத்தான் இருந்தன. மாடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. வெர்னா எண் சொல்லியாக வேண்டும்.

அவள் பக்கத்துப் பட்டியின் தொட்டி வரை நடந்து போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"ரோலி, இப்பவும் என் கண்ணு ஏத்துன்னுதான்டா சொல்லுது," என்றாள். "பதினொண்ணு செத்துக் கிடக்கு. இப்பவும் ஏத்துன்னுதான் சொல்லுது."

இருபத்து மூன்று வருடம் அந்தக் கண்ணை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் சோறு தின்றோம்.

"நேத்து நீ சொன்ன அந்தச் சாணி," என்றாள். "வேற எங்கெல்லாம் இருக்குன்னு பார்த்துட்டு வா. நீ வர்ற வரைக்கும் ஒரு லாரியும் நகராது."

நான் போனேன். முப்பத்தொன்பது பட்டிக்குள்ளும் போனேன், குதிரை வாயில் நுரை தள்ளும்வரை. ஒன்பது பட்டிகளில் அதே சாம்பல் நிறம், அதே குமிழி. மற்றவற்றில் இளகியிருந்தது, நுரைக்கவில்லை. திரும்பி வந்து சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அந்த ஒன்பதுக்கும் வைக்கோல் மட்டும். ஒரு பிடி பார்லி கிடையாது. மத்ததுக்குப் பாதி. ஏத்தினதையெல்லாம் கொட்டுங்க."

பிரெண்டன் தலையில் கை வைத்தான். "வெர்னா, பசியில கத்துதுங்க. எடை இறங்கிடும். வாங்குறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"எடை இறங்கட்டும். கத்தட்டும். நேத்து கத்தினப்போ பாவம்னு போட்டேன், பார்த்தேல்ல?" அவள் குரல் உடைந்தது. "வேற யாராவது நம்பர் சொல்லணும்னா இப்பவே சொல்லச் சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன்."

யாரும் சொல்லவில்லை. லாரிகள் திரும்பிப் போய்த் தீவனத்தைக் கொட்டின. அன்று முழுக்க மாடுகள் கத்திய கத்தல் பண்ணையையே தூக்கியது. வெர்னா வண்டியின் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளாமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினாலில் படுத்திருந்தவற்றுக்கு இமோஜன் குழாய் வழியாகச் சோடா உப்புக் கரைசல் ஊற்றினாள். மறுநாள் புளிப்பு கொஞ்சம் அடங்கியதும், "இனி இதுங்க வயித்துக்குப் புதுசா உசுருங்க வேணும். வெயில்ல காயாத மாடு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள். வெர்னா வீட்டுக்குப் போய், மார்மலேடை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதன் வாய் வழியே குழாய் விட்டு, முதல் வயிற்றிலிருந்து வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீரை இமோஜன் வாளியில் எடுத்தாள். மூன்று நாள் அப்படி எடுத்தாள். ஆறு மாடுகளுக்குத்தான் போதுமாக இருந்தது. அந்த ஆறில் நான்கு எழுந்து நின்று அசைபோட்டன. ஒரு கிழட்டுப் பசுவின் வயிற்றுத் தண்ணீரில் அப்படி என்னதான் இருந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெர்னா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதல் தடவையாக அழுதாள்.

பதினாலில் மேலும் பன்னிரண்டு போயின. ஒன்பது பட்டிகளில் மொத்தம் இரண்டு. அன்று லாரிகளை விட்டிருந்தால் முந்நூறுக்குக் குறையாது என்றாள் இமோஜன். பிரெண்டன் சாவுப் புத்தகத்தில் "வெயில்" என்று எழுதியிருந்ததை வெர்னா அடித்துவிட்டு "தீவனம்" என்று எழுதினாள். கீழே தன் பெயரையும் எழுதினாள். நான் பேனாவை வாங்கி அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். "உனக்கு எதுக்குடா?" என்றாள். "ரெண்டாவது தடவை சொல்லல," என்றேன். அவள் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

அந்த வருடம் முழுக்க அவள் வண்டியில் பன் டப்பா இல்லை. முன்பக்கம், பின்பக்கம் என்ற பேச்சும் இல்லை. ரேடியோவில் எண் மட்டும் வரும். கிண்டல் செய்கிறாளே என்று பதினைந்து வருடம் முணுமுணுத்த எனக்கு, அந்தக் கிண்டல் இல்லாமல் காலைப்பொழுது விடிந்த மாதிரியே இல்லை. வேலையை விட்டுவிடுவாள் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஐந்து நாள் வெயில் பிடித்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் தெற்குக் காற்று வந்தது. யாரும் பீர் திறக்கவில்லை. மறுநாள் விடியலில் நான் பதினாலாம் பட்டிக்குள் இருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள் வண்டி வந்து நின்றது. தொட்டி பளபளவென்று நக்கித் துடைத்திருந்தது, நானே பார்த்தேன். புது மாடுகள் கம்பிக்கு மேல் தலையை நீட்டி அவளைப் பார்த்துக் கத்தின. பண்ணை முழுக்க எல்லா ரேடியோவும் திறந்திருந்தது.

"பதினாலு," என்று அவள் குரல் வந்தது, நின்றது. பிறகு, "ரோலி, பின்பக்கம் என்னடா சொல்லுது? நீ சொன்ன பிறகுதான் நான் நம்பர் சொல்லுவேன்."

ஒரு லாரியிலிருந்தும் சிரிப்பு வரவில்லை. நான் குதிரையிலிருந்து இறங்கி மண்டியிட்டு, சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். இளகியிருந்தது, நுரைக்கவில்லை. ரேடியோவை எடுத்தேன்.

"பாதி போடு, வெர்னா."

"பாதி," என்றாள் அவள், எல்லோரும் கேட்கும்படி.